மேலே வரக்கூடிய பம்பு

மே 6

இன்று வேலையில் சேர்ந்தேன். தோல் பதனிடும் ஷாப்புகளின் சங்கம் நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம். ஊருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி இருக்கிறது. சுற்று வட்டாரத்து ஷாப்புகளின் கழிவுநீர் முழுக்கக் குழாய் வழியே இங்கேதான் வருகிறது. நான் பராமரிப்பு இன்ஜினீயர்.

என் கணவர் தினகருக்கு இந்த ஊர் வங்கிக்கு மாற்றல் கிடைத்திராவிட்டால் கோயம்புத்தூரை விட்டிருக்கமாட்டேன். அங்கே பம்பு கம்பெனியில் மேஜை வேலை. வாடிக்கையாளர் போனில் கூப்பிடுவார். வெல்லப்பாகு என்பார், பால் என்பார், சாயத்தண்ணீர், அமிலம் என்பார். நான் திருப்பிக் கேட்பேன்: எவ்வளவு கெட்டி, எவ்வளவு சூடு, இரும்பைத் தின்னுமா, உள்ளே கட்டியோ நாரோ மிதக்குமா. பதிலை வைத்து இன்ன பம்பு என்று சொல்லிவிடுவேன். பாகுக்குப் பல்சக்கரம் உள்ள பம்பு, பாலுக்கு அடித்துக் கலக்காத பம்பு. எந்தத் திரவத்தையும் நேரில் பார்த்ததில்லை.

மேனேஜர் வரதராஜுலு சுற்றிக் காட்டினார். ஓய்வு பெறும் வயது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு விக்ஸ் டப்பா. எல்லாத் தண்ணீரும் முதலில் வந்து விழும் பள்ளத்தின் பக்கம் வந்தபோது, “இதாம்மா நம்ம சம்பு. இதுக்கு ஒரு பம்பு சொல்லத்தான் உன்ன எடுத்திருக்கோம்” என்றார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பம்பு நின்றது. ஓர் ஆள் சட்டையைக் கழற்றினான், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டான், இரும்பு ஏணியில் இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் கை நிறைய மாட்டு முடியோடு மேலே வந்தான். பம்பு ஓட ஆரம்பித்தது. வாரத்தில் ஐந்தாறு முறை இப்படி நடக்குமாம்.

அவன் பெயர் ஏசுபாதம்.

மே 7

கேஸ் இணைப்பு மாற்றினோம். தினகர் என் துப்பட்டாவை முகர்ந்துவிட்டு, வாசல் பக்கமே வைக்கச் சொன்னார்.

மே 10

சம்புத் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து ஷெட்டில் வைத்துக் காலையிலிருந்து பார்த்தேன். மேலே கொழுப்பு ஆடையாகப் படிந்தது. நடுவில் முடி. தோலிலிருந்து சீவி எடுத்த சதைத் துணுக்குகள். அடியில் சுண்ணாம்பு, விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடுகிறது.

இப்போது இருப்பது சாதாரணத் தண்ணீர்ப் பம்பு. உள்ளே சுழலும் சக்கரத்தின் இடுக்குகளில் முடி சுற்றிக்கொள்கிறது. நல்ல தண்ணீருக்கு அதைவிடச் சிக்கனமான பம்பு கிடையாது. இந்தத் தண்ணீருக்கு அது ஒரு பொறி.

ஏசுபாதம் வந்து எட்டிப் பார்த்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“இன்னா மேடம், சாம்பாரு ஆறிப்போச்சா?”

“நீங்க இறங்கும்போது பயமா இருக்காதா?”

“மொதல்ல மூக்க எரிக்கும். அப்பால நாத்தமே தெரியாது. நாத்தம் போச்சுன்னா சரியாப்பூட்சின்னு அர்த்தம்.”

சம்பிலிருந்து கிளம்பும் விஷவாயு அதிகமானால் முதலில் மரத்துப்போவது மூக்குதான். நாற்றம் போய்விட்டால் உடனே மேலே ஏறிவிட வேண்டும், அதுதான் கடைசி எச்சரிக்கை என்று அவனிடம் சொன்னேன். மரியாதைக்குத் தலையாட்டினான். இத்தனை வருஷம் இறங்கி ஏறியவன்.

மே 16

அமிலப் பம்பை மாற்றினேன். கடைசித் தொட்டியில் தண்ணீரின் காரத்தை முறிக்க அமிலம் சேர்ப்பார்கள். யாரோ இரும்புப் பம்பை வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்சக்கரம் எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. முழுக்க பிளாஸ்டிக்கில் ஆன, கசிவதற்கு வழியே இல்லாத பம்பை மாட்டினோம். வேலை சுத்தமாக முடிந்தது.

ஆட்களைக் கூட்டி ஒன்று சொன்னேன். சுண்ணாம்புத் தண்ணீரில் சல்பைடு இருக்கிறது. தோலைப் பதப்படுத்தும்போது வரும் அமிலத் தண்ணீர் அதோடு சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். அதனால்தான் ஷாப்புகள் காலையில் ஒன்றையும் சாயங்காலம் இன்னொன்றையும் விடவேண்டும் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறை எந்தக் காரணத்துக்காகவும் தவறக்கூடாது.

மே 22

சங்கக் கூட்டம். தலைவர் அத்தாவுல்லா சாயபு, எல்லாரும் ஹாஜியார் என்கிறார்கள். வெள்ளைத் தொப்பி, மெதுவான பேச்சு. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஸ்க்ரூ பம்பு கெட்டியான சேற்றையும் தள்ளும், ஆனால் சுண்ணாம்பு நெருடலில் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிடும். காற்றால் ஓடும் பம்பின் வால்வில் முடி சிக்கும். கத்தி வைத்து நறுக்கும் பம்பும் உண்டு, அந்தக் கத்தியை அடிக்கடி தீட்ட வேண்டும். நான் சொல்வது சக்கரத்தை ஒதுக்கி மேலே தூக்கி வைத்த பம்பு. அது தண்ணீரைச் சுழலவைக்கும், முடி அதன்மேல் படாமலே வெளியே போகும்.

வரதராஜுலு சொன்னார்: “அது கரண்டு ஜாஸ்தி இழுக்கும். பாதி சக்தி வீண்.”

“உண்மைதான் சார்.”

“அப்ப அது அடைக்கவே அடைக்காதா?”

“அடைக்கும் சார். குறைவா அடைக்கும். அடைக்காத பம்புன்னு உலகத்துல எதுவும் இல்ல.”

கூட்டத்தில் சிரிப்பு. நான் தொடர்ந்தேன். “அதனால பம்பை மட்டும் கேக்கல. ரெண்டு கம்பித்தடம் கேக்கறேன். பம்பு அந்தத் தடத்துல வழுக்கிக் கீழ போகும். சங்கிலிய இழுத்தா மேல வந்துரும். அடைச்சா அது நம்மகிட்ட வரணும். நாம அதுகிட்டப் போகக்கூடாது.”

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். “கோயம்புத்தூர்ல இருந்தப்ப எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லுவியாம்மா?”

“இல்லீங்க. அங்க யாரு இறங்குறாங்கன்னு எனக்குத் தெரியாது.”

“வாங்கிருங்க” என்றார் வரதராஜுலுவிடம்.

செய்து அனுப்ப ஏழெட்டு வாரம் ஆகும். பக்ரீத்துக்கு முன்னால் வராது.

மே 23

சம்பு மூடிக்குப் பூட்டுப் போட்டேன். ஒரு சாவி என்னிடம், இன்னொன்று மேனேஜரிடம்.

ஜூன் 3

பம்பு வரும்வரை சமாளிக்க, தண்ணீர் விழும் வாயில் ஒரு கம்பிக்கூடை தொங்கவிட்டிருக்கிறோம். முடியை மேலேயே பிடித்துவிடுகிறது. நிறைந்ததும் சங்கிலியால் தூக்கிக் கொட்டலாம். இதைச் செய்தது மோசஸ். ஏசுபாதத்தின் மனைவி எஸ்தரின் தம்பி, இங்கே வெல்டர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்களாம். ஏசுபாதம் அவன் முதுகில் தட்டி, “பத்தாவது வரைக்கும் நான்தான் ஸ்கூலுக்கு இட்டுகினு போனேன். இப்ப எனக்கு வேல இல்லாம பண்ணிட்டான் பாருங்க” என்றான். சிரிப்பதா வேண்டாமா என்று மோசஸுக்குத் தெரியவில்லை.

பத்து நாளாக யாரும் இறங்கவில்லை.

இட்லி மாவு புளித்துப்போனது. இந்த ஊர் வெயில்.

ஜூன் 17

பக்ரீத். ஹாஜியார் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நாளையிலிருந்து ஊர் ஊராகத் தோல் வந்து குவியுமாம். மூன்று வாரத்துக்கு ஷாப்புகள் ராப்பகலாக ஓடும். உப்புப் போட்டாலும் இந்த வெயிலில் தோல் அதிக நாள் தாங்காதாம்.

ஜூன் 19

தண்ணீர் இரண்டு பங்காகிவிட்டது. கூடையை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்க வேண்டியிருக்கிறது. ஷாப்புகள் நேர முறையை மதிப்பதில்லை. காலையில் சுண்ணாம்புத் தண்ணீரோடு அமிலத் தண்ணீரும் சேர்ந்து வந்தது. வரதராஜுலுவும் நானும் ஆளுக்கொரு போனில் ஷாப் ஷாப்பாகச் சத்தம் போட்டோம். அவர் தொண்டை கட்டிப்போனது. எல்லாரும் சரி என்கிறார்கள்.

ஜூன் 20

கூடை அறுந்து விழுந்துவிட்டது. பம்பு இரண்டு முறை நின்றது. முதல் முறை எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஓட்டிச் சரிசெய்தோம். இரண்டாவது முறையும் அதிர்ஷ்டம். ஏசுபாதம் சட்டைப் பித்தானில் கை வைத்தான். “வேண்டாம். யாரும் இறங்கக்கூடாது. நாளைக்கு உறிஞ்சுற லாரி வருது” என்றேன்.

“சரி மேடம். நீங்க சொன்னா சரி.”

ஜூன் 21

எழுத முடியவில்லை. வலது கையைத் தூக்க முடியவில்லை. இது இடது கை.

ஜூன் 22

ஏசுபாதத்தை மூன்று மணிக்கு அடக்கம் செய்தார்கள். நான் அவர்கள் தெரு முனை வரை போனேன். அதற்குமேல் போகவில்லை. தினகர் போய் வந்தார்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு இல்லை, ஜவ்வு கிழிந்திருக்கிறது என்கிறார்கள். கட்டுப் போட்டிருக்கிறது. தினகர் எனக்குத் தலை வாரிவிட்டார். பின்னல் கோணலாக வந்தது.

ஜூன் 25

கை கொஞ்சம் தேவலை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பம்பு நின்றது. திருப்பி ஓட்டினோம், அசையவில்லை. லாரி வேலூரிலிருந்து கிளம்பிவிட்டது என்றார்கள். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. சம்புத் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. அதைத் தாண்டினால் கால்வாய், கால்வாயைத் தாண்டினால் ஆறு. ஷாப்புகளைத் தண்ணீரை நிறுத்தச் சொல்லி வரதராஜுலு கெஞ்சிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் நிறுத்தினார்கள். நீர்மட்டம் கொஞ்சம் இறங்கியது. பக்கத்துத் தொட்டிக்கு ஒரு சின்ன பம்பை வைத்து இறைத்ததில் இன்னும் இறங்கி, கீழே பம்பின் தலை தெரிந்தது. நான் லாரிக்கு வழி காட்ட மெயின் ரோட்டுக்குப் போனேன்.

அந்த நேரத்தில் வரதராஜுலு தன்னிடமிருந்த சாவியால் பூட்டைத் திறந்திருக்கிறார். “அஞ்சே நிமிஷம்பா” என்று ஏசுபாதத்தை இறக்கியிருக்கிறார்.

லாரிக்கு முன்னால் நடந்து நான் உள்ளே நுழையும்போது, “மாமா! மாமா!” என்று மோசஸ் கத்துவது கேட்டது. ஓடினேன். இரண்டு பேர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு கீழே குழாயில் சுற்றிக்கொண்டு வரவில்லை. மோசஸ் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான்.

பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். வலது கையைக் கைப்பிடிக் கம்பிக்குள் நுழைத்துக்கொண்டேன். அவன் என்னைவிட இரண்டு மடங்கு பலசாலி. முழங்கையால் இடித்தான். “வுடு! வுடுடீ என்ன! மாமா கை ஆடுது! நான் பாத்தேன், கை ஆடுது!” என்றான். நான் எட்டிப் பார்த்தேன். பிறகு இன்னும் இறுக்கிக்கொண்டேன். லாரி டிரைவரும் கிளீனரும் ஓடிவந்து அவனைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்தார்கள்.

காற்று ஊதும் இயந்திரத்தின் குழாயைப் பள்ளத்துக்குள் விடச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்து, சிலிண்டர் மாட்டிய ஆட்கள் இறங்கி ஏசுபாதத்தை மேலே கொண்டுவந்தார்கள். வெயிலில் படுக்கவைத்தார்கள். அவ்வளவுதான்.

மோசஸ் எழுந்து என் எதிரில் வந்து நின்றான். கத்தவில்லை.

“நீ புடிக்கலைன்னா அவரு பொழச்சிருப்பாரு.”

ஜூன் 27

கட்டு மாற்ற அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். இளம்பெண். டீ குடித்துக்கொண்டிருந்தாள், எனக்கும் ஒன்று வரவழைத்தாள்.

இறங்கியதும் உயிர் போயிருக்குமா என்று கேட்டேன்.

“உடனேன்னு சொல்ல முடியாது. ரெண்டு மூணு மூச்சுலயே நினைவு போயிருக்கும். இதயம் கொஞ்ச நேரம் துடிச்சிருக்கலாம். சில பேருக்குக் கை கால் வெட்டி இழுக்கும். அவங்களுக்கு எதுவும் தெரியாது.”

“அந்த நேரத்துல இன்னொருத்தர் இறங்கியிருந்தா?”

“ரெண்டு பாடி வந்திருக்கும்.” சொன்ன பிறகு, “சாரி” என்றாள்.

வீட்டுக்கு வந்து பருப்பு வேகவைத்தேன். இடது கையால் தேங்காய் துருவ முடியவில்லை.

ஜூலை 1

விசாரணை. சங்க அலுவலகத்தில் மேஜை போட்டிருந்தார்கள். அதிகாரிகள் மூன்று பேர். எஸ்தர் கறுப்புப் புடவையில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் தடவையாக அவளைப் பார்க்கிறேன். என்னைவிடச் சின்னவள் மாதிரி தெரிகிறாள்.

காலையிலேயே சங்கத்து வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டார். ‘தடை இருந்தும் தானாகவே இறங்கினார்’ என்று சொன்னால் எல்லாருக்கும் நல்லது, குடும்பத்துக்கு வர வேண்டியதைச் சங்கம் எப்படியும் கொடுத்துவிடும் என்றார். என்னால் அப்படிச் சொல்ல முடியாது என்றேன். இனி வரதராஜுலுவுக்கு எதிராக அவர் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வரதராஜுலு எழுந்தார். வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

“நான்தாங்க பூட்டத் திறந்தேன். நான்தான் எறங்கச் சொன்னேன். மேடம் கூடாதுன்னாங்கன்னு அவன் சொன்னான். அஞ்சு நிமிஷந்தானேடான்னேன். அவன் என் பேச்சத் தட்டமாட்டான்.”

ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வக்கீலைப் பார்த்து, “எழுதினதக் கிழிச்சிருங்க” என்றார்.

அடுத்தது மோசஸ். கை ஆடியதைப் பார்த்ததாகச் சொன்னான். அதிகாரி கனிவாகத்தான் பேசினார். “தம்பி, அந்த அதிர்ச்சியில அப்படித் தோணும். பத்தடிக்குக் கீழ, இருட்டுல, நுரைக்கு நடுவுல. அது பிரமைப்பா. மனசப் போட்டுக் குழப்பிக்காதே.” அவர்கள் சர்ச் பாஸ்டரும் ஆமென்று தலையசைத்தார். மோசஸ் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கூப்பிட்டார்கள். பம்பு பற்றி, பூட்டு பற்றி, நேர முறை பற்றிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சொன்னேன். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஜூலை 3

வரதராஜுலுவைப் போலீஸ் கூட்டிப்போனது. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார்.

ஜூலை 5

தூக்கம் வரவில்லை என்று தினகரிடம் சொன்னேன். கோயம்புத்தூருக்கே போய்விடலாமா என்றார். பம்பு வரட்டும் என்றேன். வந்த பிறகு என்று கேட்டார். குழாயில் தண்ணீர் வருகிறதா பார்க்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

ஜூலை 9

பம்பு வந்தது. பச்சை நிறம், மரப்பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி. மோசஸ் வேலைக்குத் திரும்பியிருக்கிறான். எஸ்தருக்கும் சங்கம் அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது, அவள் இன்னும் பதில் சொல்லவில்லையாம். மோசஸ் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போகிறான்.

ஜூலை 12

கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. பம்பு வழுக்கி இறங்கும் தடத்தைச் சம்பின் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அதற்கு ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஆள் இறங்கியே தீரவேண்டும்.

ஷாப்புகள் எல்லாம் இரண்டு நாள் மூடின. ஹாஜியார் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். சம்பை லாரியால் உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரால் அலசி, நேற்று முழுக்கக் காற்று ஊதினோம். வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். ஒன்றும் காட்டவில்லை. மூன்று முறை இறக்கிப் பார்த்தேன்.

கம்பெனி ஃபிட்டர் தயாராக வந்திருந்தார். உடன் ஒரு ஆள் வேண்டும். யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முகமூடியையும் சிலிண்டரையும் நானே மாட்டிக்கொண்டேன். “நீ ஏம்மா?” என்றார் ஹாஜியார். இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான், அளவு எனக்குத்தான் தெரியும் என்றேன். அதுவும் உண்மைதான்.

என் கயிற்றை யார் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது மோசஸ் வந்து வாங்கிக்கொண்டான். இடுப்பு வாரில் முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

கீழே வெறும் சிமெண்டுத் தரை. சுவரில் நீர்மட்டக் கறைகள். மேலே சதுரமாக வெளிச்சம், அதன் ஓரத்தில் ஒரு தலை. அந்தத் தலை கடைசி வரை நகரவில்லை. நான் தடத்தைப் பிடித்துக்கொள்ள, ஃபிட்டர் நான்கு போல்ட்டையும் இறுக்கினார். ஏறினோம்.

முகமூடியைக் கழற்றியதும் மோசஸ் சொன்னான்: “ரெண்டு வாட்டி கயித்த இழுத்தேன். நீங்க திருப்பி இழுக்கல.”

“கை வேலையா இருந்துச்சு மோசஸ்.”

“அப்டிப் பண்ணாதீங்க.” கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, “மேல இருக்கறவனுக்கு எப்டித் தெரியும்?” என்றான்.

சாயங்காலம் பம்பைத் தடத்தில் இறக்கினோம். வழுக்கிப் போய், தானாகவே சரியான இடத்தில் உட்கார்ந்தது.

ஜூலை 13

ஏணியை அறுத்து எடுக்கச் சொன்னேன். மோசஸ் அறுத்தான்.

ஜூலை 18

புதுப் பம்பு இன்று நின்றது. எதிர்பார்த்ததுதான். எல்லாரும் வந்து கூடிவிட்டார்கள். மோசஸ் சங்கிலியை இழுக்க இழுக்க, பம்பு சொட்டச்சொட்ட மேலே வந்து சிமெண்டுத் தளத்தில் நின்றது. ஏதோ ஷாப்பில் வீசிய கோணித்துணி அடைத்திருந்தது. கத்தரித்து எடுத்தான், குழாயை வைத்துக் கழுவினான், திரும்ப இறக்கினான். டீ வேளைக்குள் எல்லாம் முடிந்தது.

கூட்டத்தில் ஓர் ஆள், “இவ்ளோதானா?” என்றான். மோசஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்படியே நின்றுவிட்டான், குழாயை மூடாமல். நான் போய் மூடினேன்.

“மேடம்” என்றான், “எங்க அக்கா உங்கள வரச் சொல்லுச்சு. ஞாயித்துக்கிழம.”

“எதுக்குன்னு சொன்னாங்களா?”

“சொல்லல.”

ஜூலை 21

ஞாயிறு. ஆராதனை முடிந்த நேரமாகப் பார்த்துப் போனேன். தினகர் உடன் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

இரண்டு அறை வீடு. மோசஸ் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். நான் வந்ததைப் பார்த்து நகர்ந்து வழிவிட்டான். எஸ்தர் நாற்காலி போட்டாள், தான் தரையில் உட்கார்ந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

அவள் கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

“நீதான என் தம்பியப் புடிச்சது?”

“ஆமா.”

“கை ஆடுச்சுன்னு சொல்றான். ராத்திரி எழுந்து ஒக்காந்துகினு அதையே சொல்றான். பாஸ்டரு இல்லன்றாரு. ஆபீசரு இல்லன்றாரு. நானும் இல்லடா, நீ பாக்கலடான்னு சொல்லிட்டேன். நெசமா சொல்லு. நீ பாத்தியா?”

இந்த ஒரு மாதத்தில் யாரிடமும், தினகரிடம்கூட, சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

“ஆடுச்சு. நானும் பாத்தேன். வலது கை. ரெண்டு தடவ.”

அவள் முகம் மாறவில்லை. “தெரிஞ்சேதான் புடிச்ச.”

“தெரிஞ்சேதான் புடிச்சேன்.”

டாக்டர் சொன்னதைச் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். உயிர் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம், நினைவு இருந்திருக்காது, மோசஸ் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்காது. மோசஸ் இறங்கியிருந்தால் அவனும் திரும்பியிருக்கமாட்டான். அவரைக் காப்பாற்றியிருக்க வழி இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதையும் சொன்னேன்.

எஸ்தர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் அவளைத் தொடவில்லை. தொட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள்.

“உன்ன மன்னிக்கச் சொல்லிக் கேக்காத” என்றாள். “கேக்கல எஸ்தர்” என்றேன்.

“உனுக்கு நன்றி சொல்லவும் எனக்கு வாய் வரல.”

“வேணாம்.”

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அவன் முதுகு தெரிந்தது. சட்டை தோளில் தொங்கியது. அவ்வளவு இளைத்திருந்தான்.

“பைத்தியம் புடிச்சிருமோன்னு பயந்துகினு கீறான். நாம பாத்தது இல்லாததுன்னா நம்ம கண்ணுல இன்னா கோளாறுன்னு கேக்கறான். எங்கிட்ட சொன்னத அவங்கிட்டப் போயி சொல்லு. நீ பாத்தத நீயே சொல்லு.”

எழுந்து வெளியே வந்தேன். வாசல்படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் சர்ச்சிலிருந்து பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, எழுந்து போகவும் இல்லை.

“மோசஸ்” என்றேன். “நீங்க பாத்தது நிஜம். கை ஆடுச்சு.”